யோசப் பிராமா: நீரை அடக்கிய தச்சர்

உலகிலே அறிவாற் பெரியோரெனப் போற்றப்படுவோர் இருவகையினர். இயற்கையின் உண்மையைக் கண்டு சொல்வோர் ஒருவகையினர்; அங்ஙனம் சொல்லப்பட்ட உண்மையைக் கைக்கு உதவும் கருவியாக்கித் தருவோர் மற்றொருவகையினர். முன்னவரின் பெயரை நூல்கள் காத்து நிற்கின்றன. பின்னவரின் பெயரையோ அவர் செய்த பொருளே சுமந்து திரிகின்றது. பொருள் பழகிப்போன காலத்திலே பெயரும் மறந்துபோகின்றது. பௌதிகவியற் பாடத்திலே பிராமாவின் நீரழுத்தி என்று படித்து, அதன் படத்தை வரைந்து, பரீட்சையிலே புள்ளியும் பெற்றவர்கள் எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர். ஆயின், அந்தப் பிராமா என்பவர் யார், எந்நாட்டினர், எத்தகைய வாழ்வு வாழ்ந்தார் என்று வினவியவர் மிகச் சிலரேயாவர். அவர் சரிதத்தை இவ்விழா மலரிலே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் யாம் இயந்திரம் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பை விளைத்தல் கூடும். எம்மிடம் நன்னூலும் நளவெண்பாவும் கற்றுச் சென்ற மாணவர் சிலர் இன்று கடல் கடந்த நாடுகளிலே எண்ணெய் வடிசாலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் பணி புரிகின்றனர். வால்வு எனப்படும் அடைப்புக் கருவிகளை நீரின் அமுக்கத்தாற் சோதித்து, கசிவு உண்டோ இல்லையோ என்று தீர்ப்புக் கூறுவது அவருட் சிலரின் தொழில். விடுமுறைக்கு வந்து எம்மைக் காணும்போது அவர்கள் கூறக்கேட்ட செய்திகளே எம்மை இத்துறையில் ஆற்றுப்படுத்தின. அவர்கள் செய்யும் சோதனையின் வேரைத் தேடிச் சென்றவிடத்தே யாம் கண்டவர் ஒரு நொண்டித் தச்சர்.

யோசப் பிராமா 1748ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, இங்கிலாந்தின் யோக்சயர் மாகாணத்திலே, பாண்சிலி என்னும் நகரை அடுத்த சிற்றூரொன்றிலே பிறந்தார். தந்தையார் கமக்காரர். பிள்ளைகள் ஐவருள் யோசப் இரண்டாவது மகன். அயலூர்ப் பள்ளிக்கூடத்திற் பெற்ற சிறிது படிப்போடு அவர் கல்வி முடிந்தது. தந்தையின் நிலத்தை உழுது வாழ்தலே அவருக்கு விதிக்கப்பட்ட வாழ்வு என்று யாவரும் எண்ணியிருந்தனர். பதினாறு வயதளவிலே கணுக்காலில் ஏற்பட்ட ஒரு காயம் அவ்வெண்ணத்தை மாற்றியது. கால் ஊனமுற்றது, ஏர் பிடித்தல் இயலாதாயிற்று. சிறுவயதிலேயே கையிற் கிடைத்த மரத்துண்டுகளைக் குடைந்து இசைக்கருவி செய்து மகிழ்ந்தவர் அவர். ஆகவே அவ்வூர்த் தச்சர் ஒருவரிடம் தொழில் பயில விடப்பட்டார். கால் இழந்த வலிமையைக் கை பெற்றுக்கொண்டது.

பயிற்சி முடிந்ததும், ஊனமுற்ற காலோடு நெடுவழி நடந்தே இலண்டன் மாநகரை அடைந்தார் என்பர். அங்கே தளபாடம் செய்யும் தச்சராக வேலைக்கமர்ந்தார். அக்காலத்திலே செல்வர் மனைகளில் நீர் ஊற்றிக் கழுவும் மலகூடங்கள் புதிதாக அமைக்கப்பட்டு வந்தன. 1775ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் கமிங் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் அத்தகைய மலகூடம் ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அவற்றைப் பொருத்தும் வேலை பிராமாவுக்குக் கிடைத்தது. பொருத்திய கையே அதன் குற்றத்தையும் கண்டது. கிண்ணத்தின் அடியை மூடிய தகடு பக்கவாட்டில் வழுக்கி ஓடுவது. அது செவ்வனே மூடாது. பனிக்காலத்தில் நீர் உறைந்தால் அசையவும் மாட்டாது. பிராமா அத்தகட்டை நீக்கி, கீலிலே தொங்கி மேலெழுந்து மூடும் அடைப்பிதழ் ஒன்றைப் பொருத்தினார். 1778ஆம் ஆண்டிலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வாண்டு தொடங்கி அவர் தச்சரல்லர், தொழிலதிபர். விக்டோரியா மகாராணியார் வாழ்ந்த ஒஸ்போன் மாளிகையிலும் பிராமாவின் மலகூடங்களே அமைக்கப்பட்டன.

மலகூடத்தை எடுத்துரைத்தல் கல்லூரி மலருக்குத் தகுமோ என்று சிலர் முகஞ்சுளித்தல் கூடும். சுகாதாரத்தின் வாயில் அது என்பதை அவர்கள் மறத்தலாகாது. அன்றியும், பிராமாவின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்ட வினா அங்கேதான் பிறந்தது. ஒரு வாயில் வேண்டும்போது தடையின்றித் திறக்கவேண்டும். வேண்டாதபோது துளியும் விடாது மூடவேண்டும். திறத்தல் எளிது; மூடுதலும் எளிது; இரண்டையும் ஒரே கருவி நெடுங்காலம் பிழையின்றிச் செய்தலே அரிது. வால்வு என்னும் பொருளின் இலக்கணம் முழுவதும் இவ்வளவே.

அதே வினாவை அவர் அடுத்துப் பூட்டிலே எழுப்பினார். பூட்டும் ஒரு வாயிலே. உரியவனுக்குத் திறந்து, கள்வனுக்கு மூடி நிற்பது. 1784ஆம் ஆண்டிலே அவர் ஆக்கவுரிமை பெற்ற பூட்டின் திறப்பு ஒரு சிறு குழல் வடிவினது. குழலின் நுனியிலே வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள் உண்டு. பூட்டினுள்ளே வழுக்கும் தகடுகள் பல நிரையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய ஆழத்துக்கு, கூடாமலும் குறையாமலும் அமுக்கினாலன்றிப் பூட்டுத் திரும்பாது. 1790ஆம் ஆண்டளவிலே பதினெட்டுத் தகடுகள் கொண்ட பூட்டொன்றைச் செய்து, பிக்கடிலி வீதியிலிருந்த தமது கடைச் சாளரத்திலே வைத்தார். திறப்பின்றி அதனைத் திறக்கும் கருவியைச் செய்வோர்க்கு 200 கினி பரிசு என்று அதன்மேல் எழுதியும் வைத்தார். தாம் செய்த பொருளின் குற்றத்தை உலகமே கண்டு சொல்லட்டும் என்று நடுத்தெருவிலே வைத்த துணிவு இது. தன் பொருளைத் தானே புகழ்வார் பலர். பிறர் சோதனைக்கு உட்படுத்துவார் சிலர்.

இப்பூட்டைக் கையால் அராவிச் செய்தல் பெருவேலை. ஒரு பூட்டைப் போல மற்றொன்று அமைவதும் இல்லை. பிழையற்ற உறுப்புகளை விரைவாகச் செய்யும் பொறிகள் வேண்டப்பட்டன. அவற்றை ஆக்கவல்ல கையைத் தேடிய பிராமாவுக்கு 1789ஆம் ஆண்டிலே கிடைத்தவர் ஹென்றி மோட்ஸ்லே. அவர் 1771ஆம் ஆண்டிலே பிறந்தவர். பன்னிரண்டு வயதிலே ஊலிச் படைக்கலச் சாலையிலே வெடிமருந்துத் தோட்டா நிரப்பும் வேலைக்குச் சென்றவர். பின் அங்கேயே தச்சும் கொல்லும் கற்றவர். வேலை தேடி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. முறைப்படி தொழில் பயின்று முடித்தவர் அல்லர் என்பதனால் அவரை ஏற்கத் தயக்கம் உண்டாயிற்று. பட்டறையின் மூலையிலே தேய்ந்து கிடந்த பழைய இடுக்கியொன்றை மாலைக்குள் புதிதாக்கிக் காட்டுவதாக அவ்விளைஞர் முன்வந்தார் என்றும், மணி அடிக்குமுன் அதனைக் கண்ணாடிபோல் முடித்து வைத்தார் என்றும், சாமுவேல் சிமைல்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே எழுதியுள்ளார். சான்றிதழ் இல்லாத கைக்குக் கொடுக்கப்பட்ட சோதனை அது. சில ஆண்டுகளில் அவரே பட்டறையின் தலைமைத் தொழிலாளரானார்.

இனி நீரழுத்தியின் கதைக்கு வருவோம். பிராமாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னே பிரான்சு தேசத்திலே பிளேஸ் பஸ்கால் என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். 1662ஆம் ஆண்டிலே தமது 39ஆவது வயதில் மறைந்த அவர், திரவங்களின் சமநிலை பற்றி எழுதிவைத்த நூல் மறுவருடம் வெளிவந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தே கொடுக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசையிலும் குறையாது செல்லும் என்பது அதன் சாரம். ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள சிறு முசலத்தை 50 இறாத்தல் விசையோடு அமுக்கினால், அதனோடு குழாயால் இணைந்த 100 சதுர அங்குலப் பரப்புள்ள பெரிய முசலம் 5,000 இறாத்தல் விசையோடு எழும். சிறியது 100 அங்குலம் இறங்கினால் பெரியது ஓரங்குலமே எழும். தூரத்திற் கொடுத்ததை வலிமையிற் பெறுகின்றோம். இயற்கை தன் கணக்கில் ஒரு சதமும் விடுவதில்லை.

இவ்வளவும் 1663ஆம் ஆண்டிலேயே அச்சேறிய உண்மை. அதனை வேலை செய்யும் இயந்திரமாக்கிப் பிராமா ஆக்கவுரிமை பெற்றதோ 1795ஆம் ஆண்டிலே. இடையில் 132 ஆண்டுகள் கழிந்தன. உண்மை தெரிந்திருந்தும் ஏன் இத்தனை தாமதம்? விடை ஒரே சொல்: கசிவு.

முசலத்துக்கும் உருளைக்கும் இடையே மயிரிழையளவு வெளி இருந்தே தீரும். இல்லையேல் முசலம் அசையாது. அவ்வெளியிலே அமுக்கம் மிகுந்த நீர் பீறிட்டுப் பாயும். அதனை அடைக்க, கொழுப்பில் தோய்த்த சணலை இடையில் திணித்து இறுக்கிப் பார்த்தனர். மெல்ல இறுக்கினால் நீர் கசியும்; வலிந்து இறுக்கினால் முசலத்தைச் சணல் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அமுக்கத்தை நீக்கிய பின்னும் முசலம் இறங்காது மேலேயே நிற்கும். மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது என்ற பழைய இடர்ப்பாடே மீண்டும் எதிரே வந்து நின்றது. பேரறிஞரின் தத்துவமும் தொழிலதிபரின் பணமும் ஒரு துளி நீரின் முன் கைகட்டி நின்றன.

இதற்குக் கண்ட பரிகாரம் ஒரு தோல்வளையம். கவிழ்த்த கிண்ணத்தின் விளிம்புபோல உள்வளைந்து இரண்டு உதடுகள் கொண்ட அவ்வளையத்தை, உதடுகள் நீரை நோக்கி நிற்குமாறு உருளையின் கழுத்திலே பொருத்தினர். நீர் வெளியேற முயலும்போது முதலில் அவ்வுதடுகளின் நடுவே புகும். புகுந்து ஓருதட்டை முசலத்தின்மேலும் மற்றதை உருளையின்மேலும் அழுத்தும். நீரின் அமுக்கம் கூடக்கூட அடைப்பும் இறுகும். அமுக்கம் நீங்கியதும் உதடுகள் தளரும். முசலம் இலகுவாக இறங்கும். தப்பியோட முயலும் பகைவனையே வாயிற்காவலனாக நியமித்த சூழ்ச்சி இது. எமது மாணவர் இதனை அறியத் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டியதில்லை. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பழைய பம்பைக் கழற்றிப் பார்த்தால், தண்டின் நுனியிலே கிண்ணம் போன்ற தோல் வாசர் ஒன்று காணப்படும். கீழே அமுக்கும்போது காற்று அதனை விரித்து அடைக்கின்றது. மேலே இழுக்கும்போது அது சுருங்கி வழிவிடுகின்றது. தோல் உலர்ந்து விறைத்துவிட்டால் எண்ணெய் பூசி மீண்டும் இளகச் செய்வது நம்மூர்ச் சிறுவரும் அறிந்த வைத்தியம்.

இத்தோல்வளையத்தைக் கண்டவர் யார்? பொறியியல் வரலாற்றாசிரியர் பலர் இப்பெருமையை மோட்ஸ்லேக்கே உரித்தாக்குகின்றனர். மோட்ஸ்லேயிடம் பிற்காலத்திலே பணியாற்றிய ஜேம்ஸ் நஸ்மித் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளரும் அவ்வாறே கூறியுள்ளார். நீரழுத்தி முழுவதையும் நினைத்து, அதற்குப் பொருள் ஈட்டி, ஆக்கவுரிமை பெற்று, உலகுக்கு அளித்தவர் பிராமா. அது கசியாமல் நின்று வேலை செய்ய உயிர் கொடுத்தவர் அவர் தொழிலாளர். எனினும் பாடநூலிலே நிற்கும் பெயர் ஒன்றே.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. மோட்ஸ்லே தலைமைத் தொழிலாளராயிருந்தும் கிழமைக்கு 30 சிலிங்கு மாத்திரமே சம்பளம் பெற்றார். மனைவி மக்களோடு வாழ்ந்த அவர் 1797ஆம் ஆண்டிலே சம்பள உயர்வு கேட்டார்; பிராமா மறுத்துவிட்டார். மோட்ஸ்லே விலகிச் சென்று, இலண்டனிலேயே சிறு பட்டறையொன்றைத் தாமே தொடங்கினார். திருகுபுரி வெட்டும் கடைசற் பொறியைச் செம்மைப்படுத்தியும், போட்ஸ்மது கப்பற்றளத்துக்குக் கப்பிகள் செய்யும் பொறிவரிசையை ஆக்கியும் அவர் பெரும்புகழ் எய்தினார். அடுத்த தலைமுறையின் பொறியியலாளர் பலர் அவர் பட்டறையிலேயே உருவாகினர். சில சிலிங்குகளைக் காத்த பிராமா இழந்தது இத்தகைய ஒருவரை. நீரின் கசிவை அறிந்தவர் தம் பட்டறையின் கசிவை அறிந்திலர் என்றே யாம் எண்ணுகின்றோம். ஒருவர் சரிதத்தை எழுதுவோர் அவர் குணத்தை மாத்திரமன்றிக் குறையையும் எழுதுதல் நேர்மையாகும்.

நீரழுத்தி வேலை செய்யத் தொடங்கியதும் உலகின் தொழில்கள் பல அதனை நாடின. பொதி கட்டுதல், கடதாசி அழுத்துதல், வித்துகளிலிருந்து எண்ணெய் பிழிதல், பாரம் தூக்குதல் எல்லாம் அதன் பணியாயின. இவற்றோடு, வெளியார் அதிகம் அறியாத மற்றொரு பணிக்கும் அவ்வமைப்பின் ஒரு பாதி உதவியது. சிறு முசலமும் தோலடைப்பும் கொண்ட கைப்பம்பினால், மூடிய பாத்திரம் எதனுள்ளும் விரும்பிய அமுக்கத்தை நீரிலே உண்டாக்கலாம். பெரிய முசலத்தை எழுப்பவல்ல அதே நீரைக் குழாயிலும் கொதிகலத்திலும் வால்வினுள்ளும் செலுத்தி, அவை தாங்குமோ தாங்காவோ என்று பார்க்கலாம். இற்றைநாள் தொழிற்சாலைகளிலே நடைபெறும் நீரமுக்கச் சோதனை அவ்வழியில் வளர்ந்ததாகும்.

எமது பழைய மாணவர் எமக்கு விளக்கியவாறு அச்சோதனையை இங்கே கூறுவோம். முதலில் வால்வின் இரு வாய்களையும் தகடிட்டு அடைப்பர். வால்வைச் சிறிது திறந்து வைத்து, உள்ளே நீர் நிரப்பி, அடைபட்ட காற்று முழுவதையும் வெளியேற்றுவர். பின் பம்பினால் அமுக்கத்தை ஏற்றுவர். சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் தாங்கும் என்று குறிக்கப்பட்ட வால்வானால், 300 இறாத்தல் வரை, அதாவது ஒன்றரை மடங்கு ஏற்றி, விதித்த நேரம்வரை நிறுத்துவர். வார்ப்பிலே நுண்டுளை இருந்தால் இரும்பு வியர்த்துக் காட்டும். தண்டின் கழுத்திலே அடைப்புத் தளர்ந்திருந்தால் நீர் அரும்பும். இது உடலின் சோதனை. அடுத்தது இருக்கையின் சோதனை. வால்வை மூடி, ஒருபுறம் மாத்திரம் 220 இறாத்தல், அதாவது ஒன்றும் பத்திலொரு பங்கும் கொண்ட மடங்கு அமுக்கம் கொடுத்து, மறுபுறத்தைத் திறந்து வைத்துப் பார்ப்பர். இறப்பர் போன்ற மென்பொருள் இருக்கை உடையதானால் ஒரு துளியும் வருதல் கூடாது. இரும்போடு இரும்பு பொருந்தும் சிலவகை வால்வுகளுக்கு, அவற்றின் அளவுக்கேற்ப நிமிடத்துக்கு இத்தனை துளி என்று வரையறை உண்டு. அதனை மீறினால் வால்வு தள்ளப்படும்.

காற்றினாற் சோதித்தால் வேலை எளிதன்றோ என்று யாம் கேட்டோம். அவர்கள் தந்த விடை சிந்திக்கத்தக்கது. நீர் அமுங்காத பொருள் என்றே சொல்லலாம். வளிமண்டலத்தைப்போல் 100 மடங்கு அமுக்கம் கொடுப்பினும் தன் கனவளவில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கே சுருங்கும். காற்றோ நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, அத்தனை ஆற்றலையும் உள்ளே சுருட்டி வைத்திருக்கும். நீர் நிறைந்த வால்வு வெடித்தால், சிறிது நீர் சிந்தியவுடனே அமுக்கம் பெரும்பாலும் தணிந்துபோம். காற்று நிறைந்த வால்வு வெடித்தால், இரும்புத் துண்டுகள் குண்டுபோலப் பறக்கும். உயர்ந்த அமுக்கத்துக்கு நீரைத் தெரிந்தெடுத்தது, தோற்கும் பொருள் சோதிப்பவனைக் கொல்லாமல் தோற்கவேண்டும் என்பதற்காகவேயாம். காற்றை முற்றாக வெளியேற்றுவதும் அதுபற்றியே.

ஒரு துளிக் கசிவுக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்பார் உளராயின், அவர்க்கு வட கடலிலே நிகழ்ந்ததைக் கூறுவோம். 1988ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆம் நாள், ஸ்கொத்லாந்துக்கு அப்பால் நின்ற பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையிலே, பம்பொன்றின் காப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தனர். அது இருந்த வாயை ஒரு தகட்டினால் மூடினர். ஆயின் கசியாதபடி இறுக்கி மூடவில்லை. வால்வு இல்லை என்னும் செய்தி இரவு வேலைக்கு வந்தோரைச் சென்றடையவில்லை. மற்றைப் பம்பு நின்றுவிடவே, அவர்கள் இதனை ஓட்டினர். கசிந்த வாயு வெடித்தது, மேடை எரிந்தது. 167 பேர் மாண்டனர். பின்னர் நடைபெற்ற விசாரணையின் அறிக்கை 1990ஆம் ஆண்டிலே வெளிவந்து, கடல்மேடைகளின் காப்புமுறைகளையே மாற்றியது. வால்வைச் சோதித்தல் மாத்திரம் போதாது. அது இல்லாத வேளையில் இல்லை என்று அடுத்தவனுக்கு அறிவித்தலும் வேண்டும். இரும்பின் கசிவிலும் கொடியது கடமையின் கசிவு.

மீண்டும் பிராமாவிடம் செல்வோம். ஓய்வென்பதை அவர் அறியாதவர். 1778 முதல் 1812 வரை பதினெட்டு ஆக்கவுரிமைகள் பெற்றார். மரம் இழைக்கும் பொறி, தீயணைக்கும் பொறி, நிலவறையிலிருந்து பானத்தை மேலேற்றும் பம்பு, இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளுக்கு 1806ஆம் ஆண்டிலே ஆக்கிய எண் பொறிக்கும் பொறி என அவை விரியும். அவற்றுட் பலவற்றிலே நீரும் அடைப்புமே கருப்பொருளாயிருத்தலைக் காணலாம். இறுதிக்காலத்திலே, காட்டு மரங்களை வேரோடு பெயர்த்தெடுக்கத் தமது நீரழுத்தியைப் பயன்படுத்தினார். 1814ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே, ஆம்சயர் மாகாணத்து ஹோல்ட் காட்டிலே அவ்வேலையை நேரில் நின்று நடத்தியபோது தடிமன் பற்றி, அது நியுமோனியாவாக முற்றியது. டிசம்பர் 9ஆம் நாள் தமது 66ஆவது வயதில் உலகு நீத்தார். வேலைக் களத்திலேயே விடைபெற்ற வாழ்வு அது.

அவர் மறைந்த பின்னும் அவர் செய்தவை சோதனைக்குள்ளாகின. வேல்ஸ் நாட்டிலே மெனாய் நீரிணையின் குறுக்கே றொபேட் ஸ்ரீபன்சன் கட்டிய பிரித்தானியா பாலத்தின் பெரும் இரும்புக் குழல்களை 1849ஆம் ஆண்டிலே நீரழுத்திகளே உயர்த்தின. ஒரு நாள் அழுத்தி ஒன்றின் உருளையின் அடி உடைந்தது. குழல் உயர உயர, அதன் அடியிலே அங்குலம் அங்குலமாக அணைகொடுத்து வரும்படி ஸ்ரீபன்சன் முன்னரே கட்டளையிட்டிருந்தமையால், அது ஓரடிக்கும் குறைவாகவே இறங்கி நின்றது. தாங்கும் என்று நம்பிய பொருளும் தாங்காமற்போகலாம் என்று எண்ணி ஆயத்தம் செய்தவரின் மதி அங்கே பாலத்தைக் காத்தது.

1851ஆம் ஆண்டு இலண்டனிலே மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. பிரித்தானியா பாலத்தைத் தூக்கிய நீரழுத்தி அங்கே காட்சிப்பொருளாக வீற்றிருந்தது. அதே காலத்திலே அமெரிக்கரான அல்பிரெட் ஹொப்ஸ் என்னும் பூட்டுத்தொழிலாளர், அறுபதாண்டுகளாக எவராலும் திறக்கப்படாதிருந்த பிராமாவின் சவாற் பூட்டைத் திறக்க முன்வந்தார். பதினாறு நாள்களிலே, மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதனைத் திறந்துவிட்டார். பிராமாவின் நிறுவனத்தார் வாக்களித்தபடியே 200 கினி கொடுத்தனர். தந்தை எழுதிவைத்த சொல்லை அடுத்த தலைமுறை காத்தது. அந்தப் பூட்டு இன்றும் இலண்டன் அறிவியல் நூதனசாலையிலே உள்ளது.

பூட்டுத் திறக்கப்பட்டமையாற் பிராமாவின் புகழ் குன்றியது என்று யாம் கருதவில்லை. ஐம்பத்தொரு மணி நேரமும் கைதேர்ந்த ஒருவரும் அமைதியான அறையும் வேண்டப்படும் பூட்டு, கள்வனுக்குத் திறவாத பூட்டேயாம். எவ்வளவு தாங்கும் என்று அளந்து அறியப்பட்ட பொருளையே மனிதர் நம்பி வாழ்கின்றனர். அளக்கப்படாத பொருள் எவ்வளவு அழகியதாயினும் நம்பத்தக்கதன்று.

மாணவச் செல்வர்களே, நீவிர் எழுதும் பரீட்சைகளும் இத்தகையனவே. வால்வு தொழிலிலே தாங்கவேண்டியது ஒரு மடங்கு. சோதனையிலே தாங்குவது ஒன்றரை மடங்கு. பின்னாளிற் பிறர் உயிர் அதனை நம்பியிருக்கும் என்பதனாலேயே முன்னாளில் அதனை அத்துணை வருத்துகின்றனர். பழைய மாணவப் பெருமக்களே, உமது பொறுப்பிலே பணிபுரியும் இளைஞருள் ஒரு மோட்ஸ்லே இருத்தல் கூடும். அவர் கண்ட தோல்வளையத்துக்கு அவர் பெயரையே சூட்டுங்கள். அவர் கேட்கும் நியாயமான ஊதியத்தையும் மறுக்காதீர்கள். ஆசிரியராகிய எமக்கும் இச்சரிதம் ஒன்றைக் கற்பிக்கின்றது. சான்றிதழ் இல்லாது வாயிலில் வந்து நிற்கும் கையிலே பழைய இடுக்கியொன்றைக் கொடுத்து, மாலைவரை பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும்.

கமக்காரரின் மைந்தராய்ப் பிறந்து, கால் ஊனமுற்று, கைவன்மையால் உயர்ந்து, நீரை அடக்கி ஆண்ட யோசப் பிராமாவின் பெயரும், அந்நீர் கசியாது நிற்க வழி கண்ட ஹென்றி மோட்ஸ்லேயின் பெயரும் எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே ஒருங்கே நினைக்கப்படுவனவாக.